அமாவாசைக்கு அமாவாசை எரிந்த விளக்கு

உத்திரமேரூரில் மெக்கானிக் ஷெட் நடத்திய காலம் முழுவதும், வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் நான்கு விஷயங்கள் எழுதிவந்தேன்: தேதி, கிலோமீட்டர், வண்டிக்காரர் சொன்னது, நான் செய்தது. வண்டிக்காரர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுதுவேன். "இஞ்சின் இருமுது" என்றால் இருமுது என்றுதான் இருக்கும். அதை நான் திருத்தி எழுதினால், பாதி நோய் அங்கேயே தொலைந்துபோகும்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது. நான் இரண்டு முறை அடித்துச் சொல்லி, இரண்டு முறையும் மூக்குடைபட்ட ஒரு வேலையைச் சொல்கிறேன். ஷெட்டை மூடுவதற்கு நாலைந்து வருடம் முன்பு நடந்தது.

ஐயங்கார்குளத்திலிருந்து கஸ்தூரி என்ற பெண் ஒரு பழைய பிக்கப் ஓட்டிவருவாள். முன்னால் இரண்டு சீட், பின்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு, அதற்குப் பின் தொட்டி. ஒரு காலத்தில் ஏதோ பெரிய கம்பெனியின் அதிகாரிகள் ஓட்டிய வண்டி. அதனால்தான் அந்த வயசிலும் அதற்கு ஏர்பேக் இருந்தது. கஸ்தூரியின் கணவரும் அவருடைய அண்ணன் ஏழுமலையும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஏழுமலைக்கு நிலமும் மாடும். ஆகவே ஓட்டக் கற்றுக்கொண்டது கஸ்தூரி. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கத்தரியும் வெண்டையும் ஏற்றிக்கொண்டு, அவற்றை விற்கும் பெண்கள் நான்கு பேரையும் உட்காரவைத்துக்கொண்டு, விடிந்ததும் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போவாள்.

ஏழுமலைக்கு இதில் மனசில்லை. ஓட்டுவதில் குறை சொல்ல முடியாததால் வேறு குறை தேடிக்கொண்டிருந்தார். வண்டியே அவருக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தது.

முதல் தடவை கஸ்தூரி வந்தபோது சொன்னது நோட்டில் இப்படி இருக்கிறது: "புள்ளத்தாச்சி லைட்டு எரியுது."

எனக்குப் புரியவில்லை. அவள் மீட்டரைக் காட்டினாள். ஏர்பேக் விளக்கின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய உருண்டை. அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கும் அது பிள்ளைத்தாச்சியாகத்தான் தெரிகிறது.

"இப்ப எரியலியேம்மா?"

"நாலு நாளா எரிஞ்சிதுண்ணா. இன்னிக்கி காலீல தானா நின்னுபோச்சி. மாமா வூட்ல ஒரே பேஜார் பண்றாரு. சிவப்பு லைட்டு எரியற வண்டில பொம்பளைங்கள ஏத்திக்கினு போறியான்றாரு."

மாமா என்றால் ஏழுமலை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த விளக்கு எரிந்தால், ஏர்பேக்கைக் கவனிக்கும் பெட்டி எங்கோ ஒரு ஒயரில் குறை கண்டு தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும். மோதினால் மட்டும் பை விரியாமல் போகலாம்.

என்னிடம் அப்போதிருந்த ஸ்கேனர் மலிவானது. மின்சுற்றில் எங்கோ தடை அதிகம் என்றது. எந்தச் சுற்று என்று சொல்லவில்லை. பழைய வண்டி, எங்கேயாவது இணைப்பு ஆடியிருக்கும் என்று கைக்கு எட்டிய நான்கைந்தை அழுத்திவிட்டு, பதிந்திருந்த குறையை அழித்தேன். ஏழுமலைக்கு நானே போன் செய்து, "இனிமே எரியாது தலைவரே" என்றேன்.

அடுத்த மாதம் எரிந்தது.

இரண்டாம் தடவை கஸ்தூரி வந்தபோதும் விளக்கு அணைந்திருந்தது. இம்முறை யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, என் அனுபவத்தைக் கேட்டேன் என்று சொல்லலாம். ஸ்டியரிங்குக்குள் ஒரு சுருள் நாடா இருக்கும். அதன் வழியாகத்தான் ஏர்பேக்குக்கு மின்சாரம் போகும். வருடக்கணக்கில் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அது உள்ளே அறுந்துபோகும். இந்த வயசு வண்டியில் இந்த விளக்கு எரிந்தால் பத்துக்கு ஏழு அதுதான். மாற்றினேன். மறுபடியும் ஏழுமலைக்குப் போன், மறுபடியும் அதே வார்த்தை.

பத்துக்கு ஏழு என்றால் மூன்று மிச்சம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அங்கே தார்ப்பாயும் கயிறும் தராசும் அடைத்துக் கிடந்தன. அதை வெளியே எடுத்துப்போடச் சோம்பல். அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை ஏழுமலையும் கூடவே வந்தார். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, ரெண்டு தபா ரிப்பேரு பண்ணீங்களே, எத பண்ணீங்க? மீட்டர பாருங்க. பொட்டு வச்சிக்கினு கீது!"

உள்ளே எட்டிப் பார்த்தேன். விளக்கு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கஸ்தூரி வெளியே எதையோ பார்ப்பதுபோல நின்றாள்.

"மாமா கண்ல படாம இருக்கட்டும்னு வச்சேன்" என்றாள் மெதுவாக.

"மீட்டருக்கு பொட்டு வச்ச மவராசி எங்க வூட்ல மட்டும்தான் கீது" என்றார் ஏழுமலை. பிறகு குரலை மாற்றினார். "விளையாட்டில்ல மேஸ்திரி. புரோக்கரு கிட்ட சொல்லி வச்சிக்கீறேன். இன்னொரு தபா எரிஞ்சா வண்டிய குடுத்துட்டு வேற வேல பாக்கறோம். அவ்ளோதான்." நாஷ்டா பண்ணிவிட்டு வருவதாகச் சொல்லி ஓட்டலுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அந்த பல்ப கழட்டிடுங்க."

"ஏம்மா?"

"பல்பு இருந்தாதானே எரியும்? நா பாத்து ஓட்டறேன். வண்டி போச்சின்னா அந்த நாலு பேரும் கூடைய தலைல வச்சிக்கினு பஸ்ஸுக்கு நிக்கணும். நா வூட்ல மாட்டுக்கு தண்ணி காட்டிக்கினு இருக்கணும். கழட்டுங்கண்ணா."

பழைய மாடல். மீட்டருக்குப் பின்னால் சின்ன பல்ப், அரைச் சுற்று திருகினால் கையில் வந்துவிடும். ஏழுமலை இட்லி தின்று முடிப்பதற்குள் முடிகிற வேலை. அவளுக்கு வண்டி மிஞ்சும், எனக்கு மானம் மிஞ்சும். மீட்டரின் திருகுகளைக் கழற்றிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, கழற்றிவிட்டேன்.

செய்யப்போவதை முதலில் எழுதிவிட்டுக் கை வைப்பது என் வழக்கம். நோட்டைத் திறந்து "பல்ப்" என்று எழுதினேன். அடுத்த வார்த்தை "கழற்றப்பட்டது". அது வரவில்லை. நாளைக்கு இந்த வண்டி எங்காவது மோதி, யாராவது வந்து இந்தப் பக்கத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் மட்டுமல்ல காரணம். அந்த நான்கு பெண்களில் ஒருத்தி முன் சீட்டில் தூங்கிக்கொண்டே வருவாள், எனக்கு அவளைத் தெரியும். தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கையால் எழுத முடியாத வேலையை உங்கள் கையால் செய்யாதீர்கள். நான் அந்தத் தொழிலில் கற்றதில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

எழுத வராததால் பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். அந்த வண்டி வந்த மூன்று தேதிகள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே முப்பது நாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருபத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது ஒன்றே: நாலு நாள் எரிந்தது. தேதியிலிருந்து நாலைக் கழித்துவிட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். மூன்றுமே அமாவாசை.

வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று தறி ஓடாது, ஏர் பூட்டமாட்டார்கள். என் ஷெட்டும் திறக்காது. கழுவித் துடைத்து, பூசணிக்காய் உடைத்து, சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவேன். வண்டிக்கு நோய் வருகிற ஒரே நாளில் வைத்தியன் லீவு. அதன்பின் கஸ்தூரிக்கு லோடு நெருக்கடி, நாலு நாள் கழித்து அவள் வரும்போது நோய் போய்விட்டிருக்கும்.

"அமாவாசைக்கி வண்டிய இன்னாம்மா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவோம்? அன்னிக்கி லோடு இல்ல. மாமா கழுவுவாரு. சந்தனம் குங்குமம் வச்சி பூஜ போடுவோம்."

"எப்படி கழுவுவாரு?"

"நா எங்க பாத்தேன்? எனக்கு படையலுக்கு சமைக்கவே நேரம் சரியா இருக்கும்."

தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. எங்கே போகும் தண்ணீர் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கலாம்தான். ஆனால் இரண்டு முறை அடித்துச் சொல்லி ஏமாற்றியவன் மூன்றாம் முறையும் ஒரு யூகத்தைக் கொண்டுபோய் ஏழுமலையிடம் நீட்டினால் யார் நம்புவார்கள்? மீட்டரைத் திரும்பப் பூட்டினேன், பல்போடு.

"கஸ்தூரி, வர்ற அமாவாசைக்கி நா உங்க வூட்டுக்கு வரேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் எதுவும் சொல்லாத. அவரு எப்பவும் போல கழுவட்டும்."

அவள் முகம் மாறிவிட்டது. "கழுவுனா எரியுமாண்ணா?"

"எரியும்னு நெனைக்கிறேன்."

"எரிஞ்சா வண்டி போயிடும்!"

"எரியற அன்னிக்கி நா பக்கத்துல இருந்தா போவாது."

கழுவ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த அமாவாசைக்கு விளக்கு எரிந்திருக்காது. ஆனால் குறை அப்படியே இருந்திருக்கும், மழைக்கு எரிந்திருக்கும், அன்று நான் இருந்திருக்கமாட்டேன். வரப்போகும் குறையை வரவிட்டுப் பார்ப்பதற்குச் சில நேரம் தைரியம் வேண்டும். அடுத்தவர் வண்டியை வைத்து அந்தத் தைரியத்தைக் காட்டுவது இன்னும் கஷ்டம்.

அது தை அமாவாசை. நான் கிளம்புவதைப் பார்த்து என் மனைவி வாசலை மறித்தாள்.

"அமாவாசையும் அதுவுமா ஸ்பானர எடுப்பீங்களா?"

"எடுக்கமாட்டேன். வெறும் கையோட போறேன். பாக்கறதுக்குதான்."

"பாத்துட்டு கை சும்மா இருக்குமா?" என்று என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அதில் ஒரு டெஸ்டர் இருந்தது. பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஐயங்கார்குளத்தில் ஏழுமலை வீட்டுக் களத்தில் வண்டி நான்கு கதவும் திறந்து நின்றது. ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்று மோட்டாரிலிருந்து வரும் ஓஸ் குழாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ். அதை வண்டிக்குள்ளே விட்டு, சீட்டுக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அடித்த தண்ணீர் சேறும் சருகுமாக மறுபக்கம் கொட்டியது. மதகு திறந்தமாதிரி இருந்தது.

"மேஸ்திரி! இன்னா இந்தப் பக்கம்?"

"வண்டி கழுவறத பாக்கலாம்னு வந்தேன் தலைவரே."

"நல்லா பாருங்க. கொளத்துல எரும கழுவற மாதிரி மேலால ஊத்திட்டு போறவன் இல்ல நானு. சீட்டுக்கு அடீல ஒரு வெண்டக்கா காம்பு இருக்காது. கழுவுனா அப்டி கழுவணும்." பெருமையில் ஓஸ் குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

தடுத்திருந்தால் அந்த நிமிடமே சண்டை. ரப்பர் விரிப்புகளை ஈரத்தின் மேலேயே போட்டார். சந்தனம், குங்குமம், மாலை. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கஸ்தூரி ஏறிச் சாவியைத் திருப்பினாள். பிள்ளைத்தாச்சி சில விநாடி எரிந்து, வழக்கம்போல அணைந்தாள். பழங்கள் நசுங்க வண்டி நகர்ந்து, குளத்தங்கரையில் பிள்ளையார் கோயில்வரை போனது.

திரும்பி வந்தபோது கஸ்தூரி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"எரியுது."

படையலுக்கு வந்திருந்த உறவினர் எல்லாரும் கூடிவிட்டார்கள். "அமாவாச அமாவாசைக்கி எரியுதுன்னா இன்னாவோ கீதுடா இந்த வண்டில" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஏழுமலை போனை எடுத்தார். கஸ்தூரி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. நான் சொன்ன வார்த்தையை நம்பி அவள் வண்டியைப் பணயம் வைத்திருந்தாள்.

அப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். "நீங்கதான் காரணம்" என்பது உண்மை. அத்தனை சொந்தக்காரர் முன்னால் அந்த உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே அன்று சாயங்காலம் வண்டியை விற்றிருப்பார்.

"தலைவரே, போன் போடறதுக்கு முன்னாடி ஒரு உதவி. எனக்கு இடுப்பு புடிச்சிக்கினு கீது, குனிய முடியல. வண்டிய ஆஃப் பண்ணியாச்சி. ஓட்டற சீட்டுக்கு அடீல ஒயர் எதுனா கீதா பாருங்க. தொடவும் வேணாம், இழுக்கவும் வேணாம். பாத்து சொன்னா போதும்."

என் இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஏழுமலை முனகிக்கொண்டே மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார். வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்தது.

"மஞ்சளா ஒரு ஒயரு கீது மேஸ்திரி."

"ஜாயிண்ட் எதுனா?"

"கீது. தண்ணிக்குள்ள கீது. பச்சையா பாசி புடிச்சா மாதிரி..." குரல் நின்றது. "இங்க எப்டி இவ்ளோ தண்ணி..."

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. களத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவர் மனைவி வசந்தா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

ஏழுமலை மெதுவாக வெளியே வந்தார். முழங்காலைப் பார்த்தார். களத்தில் சொட்டிக்கொண்டு கிடந்த ஓஸ் குழாயைப் பார்த்தார். கஸ்தூரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வசந்தாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, உரக்கவே சிரித்துவிட்டார். ஏழுமலை போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கி காலீல ஷெட்டுக்கு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். புரோக்கரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் ஷெட் திறப்பதற்கு முன்பே இருவரும் வந்து நின்றார்கள். வேலை பெரிதில்லை. பாட்டரியைக் கழற்றி, பெட்டியில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, பச்சை பூத்த இணைப்பை எடுத்துவிட்டுப் புதியது போட்டேன். மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்குப் போகிற ஒயர் அது; அதையும் அதே ஏர்பேக் பெட்டிதான் கவனிக்கும். தரையில் கிடக்காமல் சீட் சட்டத்தோடு உயர்த்திக் கட்டினேன். குறையை அழித்தேன். அடுத்த இரண்டு அமாவாசைக்கும் போன் செய்து கேட்ட பிறகுதான் வேலை முடிந்ததாக எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை அவசரப்பட்டது போதும்.

அன்று நான் வேலை செய்த நேரம் முழுவதும் ஏழுமலை பக்கத்திலேயே நின்றார். விரிப்பை அவரே வெளியே எடுத்து வெயிலில் போட்டார். கடைசித் திருகை முடுக்கும்போது அவர் போன் அடித்தது. புரோக்கர். கஸ்தூரி மீட்டரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாம்பா... எரிஞ்சிது, நேத்து எரிஞ்சிது... இல்ல, ஆள கூட்டிக்கினு வர வேணாம்." ஏழுமலை என்னையும் அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். "வண்டி நல்லாத்தான்பா கீது. கழுவுனவன்தான் சரியில்ல."

போனை வைத்துவிட்டு மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"சீக்கிரம் எடும்மா. ரோட்டாண்ட அந்த நாலு பேரும் கூடையோட நின்னுக்கினு இருப்பாங்க."

"மொதல்ல பெல்ட்ட போடுங்க மாமா" என்றாள் கஸ்தூரி.

போட்டுக்கொண்டார்.